'சொன்னா ஸ்கூலை நிறுத்திடுவாங்களோ?' - கேலிக்கு ஆளாகும் மாணவிகள் ஏன் வாய் திறப்பதில்லை?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். திருத்தணி பேருந்து நிலையம். மாலை நாலரை மணி. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கம் போகும் பஸ்களுக்காக யூனிஃபார்ம் கூட்டம் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி மட்டும், தன் வகுப்புப் பிள்ளைகள் ஏறும் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிடுகிறாள். அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டும். பரவாயில்லை என்று நிற்கிறாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வகுப்பில் சிலர் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் ஒரு குரூப் தொடங்கினார்கள். இவள் கண்ணை மூடியபடி இருக்கும் ஒரு போட்டோ அதில் ஸ்டிக்கர் ஆனது. வீட்டில் தெலுங்கு பேசுவதை வைத்து ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தோழியும் இப்போது வேறு பெஞ்சில். யாரும் இவளை அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையானால் வயிறு வலிக்கிறது.

விசைத்தறிக்கு வேலைக்குக் கிளம்பும் அம்மா ஓம வாட்டரைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்: "என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா."

இந்த மாணவி கற்பனை. ஆனால் இந்தப் பதில் பல வீடுகளில் கேட்கும் பதில்தான். 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் முழுக்க கிட்டத்தட்ட மூன்றில் ஒரு மாணவர், அதாவது 32 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவர்களின் தொல்லைக்கு ஆளாகியிருக்கிறார்கள். அப்படியானால், அந்தப் பிள்ளைகளில் பலர் ஏன் 'ஒண்ணும் இல்ல' என்கிறார்கள்? அதிலும் பெண் பிள்ளைகள் ஏன் கடைசி வரை மறைக்கிறார்கள்? அவர்களுக்குத் தன்னம்பிக்கையை எப்படி வளர்ப்பது?

விளையாட்டுக் கேலி எது, புல்லியிங் எது?

"சின்னப் பசங்கன்னா அப்படித்தான் கிண்டல் பண்ணுவாங்க" என்பது வீட்டிலும் பள்ளியிலும் முதலில் வரும் பதில். எல்லாக் கிண்டலும் புல்லியிங் இல்லை என்பது உண்மைதான். எங்கே கோடு போடுவது?

நார்வேயில் வாழ்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970களிலிருந்து இதை ஆராய்ந்தவர். அவர் சொன்ன மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, காயப்படுத்த வேண்டும் என்ற நோக்கம். இரண்டு, திரும்பத் திரும்ப நடப்பது. மூன்று, பலத்தில் ஏற்றத்தாழ்வு. அதாவது, பாதிக்கப்படுகிறவரால் சமமாகத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலை.

நம்ம ஊர்ப் பிள்ளைகளின் பாஷையில் சொன்னால் இன்னும் எளிது. இரண்டு தோழிகளுக்குள் சண்டை வந்து 'கா' விட்டுக்கொள்கிறார்கள். நாலு நாளில் 'பழம்' விட்டு மறுபடியும் சேர்ந்துவிடுகிறார்கள். அது சண்டை. ஆனால் ஒருத்தி, "அவகூட யாரும் பேசக் கூடாது, பேசினா உன்கூடவும் கா" என்று வகுப்பையே மிரட்டினால் அது புல்லியிங். இங்கே ஒரு பக்கம் நாற்பது பேர், இன்னொரு பக்கம் ஒருத்தி.

இந்த வகைத் தொல்லைக்கு ஆராய்ச்சியாளர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1995இல் அமெரிக்காவின் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வு, நட்பையும் உறவையும் ஆயுதமாக்கும் இந்தத் தாக்குதலைத் தனியாகப் பிரித்துக் காட்டியது. வதந்தி பரப்புவது, கூட்டத்திலிருந்து ஒதுக்குவது, நட்பை முறித்துவிடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் இதில் அடங்கும். அவர்கள் பார்த்த பள்ளிகளில் இது பெண் பிள்ளைகளிடையே கூடுதலாக இருந்தது. உடம்பில் அடி விழுந்தால் தழும்பு தெரியும். இதில் எதுவும் தெரியாது. அதனால்தான் டீச்சர் கண்ணிலும் அம்மா கண்ணிலும் இது படாமலே போகிறது.

'ஒண்ணும் இல்ல' - பின்னால் ஓடும் கணக்கு

பிள்ளை சொல்லவில்லை என்றால், 'இவளுக்குத் தைரியம் பத்தல' என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் பல சமயம் அவள் பயந்து பேசாமல் இருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேசாமல் இருக்கிறாள்.

இன்ஸ்டாகிராமில் தொல்லை என்று சொன்னால் முதலில் போவது போன். பஸ்ஸில் ஒருத்தன் தொல்லை தருகிறான் என்றால், "இனிமே பஸ்ல போக வேணாம்". கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு பஸ் போனால் பள்ளியும் போன மாதிரிதான். ஒரு பையனின் பெயரைச் சொன்னால், "நீ என்ன பண்ண? அவன் ஏன் உன்னை மட்டும் பார்க்கிறான்?" என்ற விசாரணை. அதற்கும் மேலே போனால், "பிளஸ் டூ முடிச்சதும் மாப்பிள்ளை பார்த்துடலாம்" என்ற பேச்சு.

அதே வயதுப் பையன் வீட்டில் வந்து சொன்னால், "நீயும் ரெண்டு போடுடா" என்றோ, "நான் வந்து பேசுறேன்" என்றோ பதில் வரும். அவனுடைய உலகம் சுருங்காது. பெண் பிள்ளை சொன்னால் தப்பு செய்தவர்கள் அப்படியே இருக்க, அவளுடைய உலகம்தான் சுருங்குகிறது. பெற்றவர்கள் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தண்டனை. தண்டனை கிடைக்கும் என்று தெரிந்த பிறகு யார் உண்மையைச் சொல்வார்கள்?

பிள்ளையிடம் 'தைரியமா இரு' என்று நூறு முறை சொல்வதைவிட, சொன்னால் எதையும் இழக்க மாட்டாய் என்ற உறுதியைக் கொடுப்பதுதான் முதல் வேலை.

சொன்ன பிறகு என்ன நடந்தது? நாங்குநேரி தந்த பாடம்

சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. சொன்ன பிறகு பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதைத் தமிழ்நாட்டுக்கு உணர்த்தியது திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு நடந்த சம்பவம்.

பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர், உடன் படித்த வேறு சமூக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். சொன்ன அன்றிரவே வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் மீண்டு வந்து 2024இல் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார்.

இது சாதி வெறியின் கொடூர வடிவம். வகுப்பறைக் கேலி எல்லாம் இப்படித்தான் முடியும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பாடம் இருக்கிறது. புகார் வாங்குவதோடு வேலை முடிவதில்லை. யார் சொன்னார்கள் என்பது எதிர்த் தரப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும், அன்றைக்கே பிள்ளைக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்வதும் சேர்ந்தால்தான் அது நடவடிக்கை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையில் பல பரிந்துரைகள் உண்டு. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, மாணவர்களின் சாதி விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது ஆகியவை பெரிதாகப் பேசப்பட்டன. அதிகம் பேசப்படாத ஒன்று, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் 'பள்ளி நல அலுவலர்' என்ற பதவி வேண்டும் என்பது. கேலி, பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு போன்றவற்றைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்விக்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா?

'கேலி' என்ற சொல் 'துன்புறுத்தல்' ஆன கதை

தமிழ்நாட்டில் இது தொடர்பாக இருக்கும் சட்டங்கள் சும்மா வந்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்டார். 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. உடலுக்கோ மனதுக்கோ காயம், பயம், அவமானம் ஏற்படுத்தும் செயல்களை இந்தச் சட்டம் ராகிங் என்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த கும்பலின் அத்துமீறலில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டில் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் வந்தது. 2002இல் அதன் பெயரே மாறியது. 'டீசிங்' என்ற சொல் போய், 'பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம்' ஆனது. ஒரு பெயர் மாற்றம்தானே என்று தோன்றலாம். ஆனால் 'கேலி' என்றால் சிரித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். 'துன்புறுத்தல்' என்றால் கேள்வி கேட்பார்கள். 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்தின் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. தொட்டால்தான் போக்சோ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாலியல் நோக்கத்தோடு பேசுவது, சைகை காட்டுவது, ஆபாசப் படம் காட்டுவது, திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, ஆன்லைனில் தொடர்ந்து தொடர்புகொள்வது எல்லாமே இதில் குற்றம்தான்.

'போலீஸ் ஸ்டேஷன் படி ஏறணுமா? ஊருக்குத் தெரிஞ்சிடுமே' என்பது பெற்றோரின் பெரிய பயம். போக்சோ சட்டத்தில் இதற்கான பாதுகாப்புகள் எழுதியே வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் எஸ்.ஐ.தான் வாங்க வேண்டும். அவர் யூனிஃபார்மில் வரக் கூடாது. பெற்றோரோ, பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி என எந்த அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

இன்னொன்றும் முக்கியம். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோவில் குற்றம். "ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்று மூடி மறைக்கிற நிர்வாகத்துக்கும் இது பொருந்தும்.

தொல்லை கொடுத்தவரும் 18 வயதுக்குக் கீழ் இருந்தால்? பொதுவாக அவர் பெரியவர்களுக்கான சிறைக்குப் போக மாட்டார். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். சீர்திருத்தம்தான் அங்கே நோக்கம். "ஒரு பையனோட வாழ்க்கை வீணாகிடுமே" என்று தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தொல்லை போனில் வந்தால்?

பள்ளியில் நடக்கும் கேலிக்கு நாலு மணி பெல் என்று ஓர் எல்லை உண்டு. போனில் வரும் கேலி ராத்திரி பதினொரு மணிக்கும் தலையணைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

முதலில் செய்ய வேண்டியது, எதையும் டெலீட் செய்யாமல் இருப்பது. மெசேஜ், அனுப்பியவரின் ஐடி, தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். கோபத்தில் பதில் திட்டு திட்டினால், பிறகு அந்த ஸ்கிரீன்ஷாட்தான் ஊர் சுற்றும்.

பிளாக் செய்தால் இன்னும் மோசமாகுமோ என்று பயப்படும் பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டால் அந்த நபரின் கமென்ட் மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தகவலும் போகாது.

ஆபாசமான படம், அல்லது மார்ஃபிங் செய்த படம் என்றால் கூடுதல் கவனம் தேவை. 'ஆதாரத்துக்காக' என்று அந்தப் படத்தை உறவினர் குரூப்பில் போடுவதோ, நாலு பேருக்கு ஃபார்வேர்டு செய்வதோ கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அத்தகைய படத்தைப் பகிர்வது ஐ.டி. சட்டத்தில் குற்றம். அது இருக்கும் லிங்கைக் குறித்துக்கொண்டு போலீஸிடம் போவதே சரி.

படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உண்டு. காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் இதை நடத்துகிறது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கு எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மாதிரி உருவாகும். அந்தக் கைரேகை மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போகும். அதை வைத்து அவர்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்குவார்கள். 18 வயதைத் தாண்டியவர்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இதே மாதிரியான சேவை இருக்கிறது.

வீட்டில் அந்த முதல் பத்து நிமிடம்

ஒரு நாள் பிள்ளை வாய் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பத்து நிமிடம் பெற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை அவள் சொல்வதும் சொல்லாததும்.

முதல் வாக்கியம் கேள்வியாக இருக்க வேண்டாம். "நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. ஸ்கூல் நிக்காது, போனும் போகாது" என்பது போதும். அந்தப் பிள்ளை மனசில் போட்டுவைத்திருக்கும் கணக்கு அத்தனைக்கும் இதுவே பதில்.

பிறகு முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில், "அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லத் தோன்றும். அடக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, "இப்ப என்ன நடக்கணும்னு நீ நினைக்கிற?" என்று கேட்பது. சில பிள்ளைகள் டீச்சரிடம் சொன்னால் போதும் என்பார்கள். சிலருக்கு செக்‌ஷன் மாறினால் போதும். சிலர், "இப்போதைக்கு உங்ககிட்ட சொன்னதே போதும்" என்பார்கள். பாலியல் தொல்லை, மிரட்டல், அடிதடி என்றால் பெரியவர்கள் காத்திருக்கக் கூடாது. மற்ற விஷயங்களில் அவளுடைய விருப்பத்தைக் கேட்டு நடக்கலாம். அப்பா நேராகப் போய் வகுப்பு வாசலில் நின்று கத்தினால் அவருக்கு மனசு ஆறும். மறுநாள் அந்த வகுப்பில் உட்கார வேண்டியவள் இவள்தான்.

திருத்தணி மாதிரி எல்லையோர ஊர்களில் இன்னொரு விஷயமும் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூடப் புழங்கும். பேச்சில் மொழி கலப்பதை வைத்துக் கேலி செய்தால், "அப்படிப் பேசாத" என்று பிள்ளையைத் திருத்துவதில் அர்த்தம் இல்லை. இரண்டு மொழி தெரிவது பலம். குறை இருப்பது கேலி செய்கிறவர்களிடம்தான் என்று வீடு சொல்ல வேண்டும்.

பக்கத்தில் போய் நிற்பவளின் பலம்

புல்லியிங் என்றால் ஒரு வில்லி, ஒரு பாதிக்கப்பட்டவர் என்று இருவரை மட்டும் பார்க்கிறோம். உண்மையில் அது ஒரு கூட்டத்துக்கு முன்னால் நடக்கும் காட்சி. சிரிக்கிறவர்கள், வீடியோ எடுப்பவர்கள், தலையைக் குனிந்துகொண்டு போகிறவர்கள் எல்லாரும் அதில் உண்டு. பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டினா சால்மிவல்லி இந்தப் பாத்திரங்களை 1990களில் ஆராய்ந்தார். அதன் அடிப்படையில் உருவான 'கிவா' என்ற திட்டம் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. வேடிக்கை பார்க்கிற பெரும்பான்மையை மாற்றினால், கேலி செய்கிறவருக்குக் கைதட்டல் நின்றுபோகும் என்பதே அதன் அடிப்படை.

2001இல் வெளியான ஒரு கனடா ஆய்வு, பள்ளி மைதானங்களில் நடந்ததை வீடியோவில் பதிவு செய்து பார்த்தது. சக மாணவர் ஒருவர் தலையிட்ட சமயங்களில் 57 சதவீதத்தில் தொல்லை 10 விநாடிகளுக்குள் நின்றது.

தலையிடுவது என்றால் சண்டைக்குப் போவது இல்லை. "ஏய், வாடி, லைப்ரரி போலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாலே போதும். மதியம் அவள் பக்கத்தில் போய் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்தால் போதும். குரூப்பில் அந்த ஸ்டிக்கருக்கு ஒருத்தி சிரிப்பு எமோஜி போடாமல், "இது நல்லா இல்லப்பா" என்று எழுதினால் போதும். ஆகவே பெற்றோர், "உன்னை யாராவது கிண்டல் பண்றாங்களா?" என்று மட்டும் கேட்காமல், "உன் கிளாஸ்ல தனியா உட்கார்றது யாரு?" என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

'உன்னால் முடியும்' என்று போஸ்டர் ஒட்டினால் தன்னம்பிக்கை வந்துவிடுமா? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதற்கு ஒரு பதில் சொன்னார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் இருக்கின்றன. தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் கொடுக்கும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் மிகவும் வலுவானது முதலாவது.

திருத்தணி மலைக்கு 365 படி. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் படிக்குப் படி பூஜை செய்துகொண்டே ஏறுவார்கள். கீழே நின்று உச்சியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அடுத்த படியை மட்டும் பார்த்தால் ஏறிவிடலாம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பழக்க வேண்டும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் அவளே கேட்கட்டும். வங்கியில் படிவத்தை அவளே நிரப்பட்டும். கண்டக்டரிடம் நிறுத்தத்தை அவளே சொல்லட்டும். வீட்டில் பேசிப் பழகட்டும்: "எனக்கு இது பிடிக்கல. நிறுத்து." கண்ணைப் பார்த்து, கத்தாமல், ஒரு முறை. கண்ணாடி முன்னால் பத்து முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் வகுப்பறையில் வாயில் வரும்.

இன்னொன்று, வகுப்புக்கு வெளியே ஒரு வட்டம். கபடி, சிலம்பம், பாட்டு, கணினி வகுப்பு, தெருவில் இருக்கும் அக்காக்கள் என எதுவாகவும் இருக்கலாம். வகுப்பு முழுக்க 'கா' விட்டாலும், தன் பெயரைச் சந்தோஷமாகக் கூப்பிட நாலு பேர் வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்றால் பிள்ளை உடைந்துபோக மாட்டாள்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சியும் உண்டு. 'சமக்ர சிக்‌ஷா' திட்டத்தில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப் குரூப்பை கராத்தேயால் அடிக்க முடியாது. அதற்கு வேண்டியது நம்பி சொல்ல ஒரு ஆள்.

படிப்பு நின்றுவிடுமோ என்ற பயத்துக்குப் பதில் சொல்லும் திட்டமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு நீட்டிக்கப்பட்டது. தொடங்கிய நாள் ஆசிரியர் தினம். அதாவது, திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள்.

நம்ம பொண்ணே கேலி செய்கிறவளாக இருந்தால்?

யாரும் கேட்க விரும்பாத கேள்வி இது. பள்ளியிலிருந்து போன் வந்தால், "என் பொண்ணு அப்படிப் பண்ண மாட்டா" என்றுதான் முதலில் வாயில் வரும். அடித்துத் திருத்தினால், பலமானவர் பலவீனமானவரை அடிக்கலாம் என்ற அதே பாடம்தான் வீட்டிலும் நடக்கும். என்ன செய்தாள், யாருக்கு எப்படி வலித்தது என்று அவள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஸ்டிக்கரை நீக்குவது, குரூப்பைக் கலைப்பது, பரப்பிய பொய்யைப் பரப்பிய இடத்திலேயே திருத்துவது என்று செய்ததைச் சரிசெய்யும் வேலையையும் அவளையே செய்யவைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் உறவினரின் நிறத்தையும் உடம்பையும் வைத்து அடிக்கும் 'காமெடி'யையும் ஒரு முறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

போனில் சேமித்து வைக்க வேண்டிய எண்கள்

1098 - குழந்தைகளுக்கான உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். பிள்ளையே நேரடியாகக் கூப்பிடலாம்.

14417 - பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். பள்ளியில் நடக்கும் தொல்லைகளைப் புகார் செய்யலாம்.

181 - பெண்களுக்கான உதவி எண்.

14416 - மனநல ஆலோசனை. தூக்கமின்மை, பதற்றம், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் தயங்காமல் கூப்பிடலாம்.

1930 - சைபர் குற்ற உதவி எண். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.

நேரில் போக வேண்டும் என்றால் திருத்தணியிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி இருக்கும். வாயால் சொல்ல முடியாததைச் சீட்டில் எழுதிப் போடலாம்.

எண்கள் எல்லாம் தேவைதான். ஆனால் பிள்ளைகள் முதலில் முயன்று பார்ப்பது வீட்டைத்தான். அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இன்று ராத்திரியும் ஒரு வாய்ப்பு வரும். தறியிலிருந்து வந்த அம்மா, சாப்பாடு போட்டுக்கொண்டே, "ஒண்ணும் இல்லன்னு நீ சொன்னா எனக்குச் சரிதான். ஆனா ஏதாவது இருந்தா சொல்லு. உன் ஸ்கூலையும் நிறுத்த மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். அன்றைக்கே பதில் வராமல் போகலாம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.